தென்னேரிப் பக்கம் யாரும் இல்லை

பிலாய்
8-2-1970

அன்புள்ள ஜெயாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தென்னேரி ஏரிக்கரையில் நினைவுக் கல் நடப்போகிறார்களாம். ஐதர் அலி காலத்தில் அங்கே ஒரு குதிரைச் சண்டை நடந்ததே, அதற்கு. கல்லுக்குப் பக்கத்தில் பெரிய பலகை, அதில் சண்டையின் வரைபடம். வரைய என்னைக் கேட்டிருக்கிறார்கள். "தணிகாசலம் எஃகு ஆலையிலே டிராயிங் போடறவன், அவனுக்கு நாலு குதிரை போடறது ஒரு வேலையா" என்று குழுவில் யாரோ சொன்னார்களாம். குதிரை போடுவது வேலையே இல்லை. அது எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அப்போது அந்த ஏரிதான் எல்லை மாதிரி. கம்பெனிக்காரன் பக்கத்தில் இரண்டு குதிரைப் பிரிவு, கொஞ்சம் சிப்பாய்கள், ஒரு பீரங்கி. மைசூர்ப் பக்கத்தில் இரண்டு ரிசாலா, அதாவது அவர்களுடைய குதிரைப் பிரிவு. எண்ணிக்கை ஏறக்குறைய சமம். ஆனால் கம்பெனிப் படை இடது பக்கத்திலிருந்து மளமளவென்று சரிந்திருக்கிறது. இடது பக்கம் என்றால் ஏரிப் பக்கம். ஏன் சரிந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. இரண்டு பக்கப் படை வரிசையும் சரியாகக் கிடைத்தால் நான் சொல்லிவிடுவேன்.

மாமாவுக்கு நிலம் தென்னேரியில். நீ சரித்திரம் படித்து, பெண்கள் பள்ளியில் அதையே நடத்துகிறாய். நீதான் உதவவேண்டும். ஒரு விதி: சம்பளப் பட்டியலில் இல்லாத படை களத்தில் இல்லை. ஊர்க்கதை வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கேள்வி. சின்ன காஞ்சிபுரம் பக்கம் போனால் பார்த்துவிட்டு வா.

தணிகாசலம்

*

செவிலிமேடு
21-2-1970

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன்: அப்பாவுக்கு இருமல் நின்றது, அம்மாவுக்குக் கோபம் நிற்கவில்லை, எனக்குப் பரீட்சைத் தாள் குவிந்து கிடக்கிறது. அத்தையைப் போய்ப் பார்த்தேன். வலி இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கடிதத்தை என்னை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். உங்கள் கடிதத்தில் நாலு தடவை படிக்க என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

கல்லூரியில் சரித்திரம் நடத்தும் உமாபதி சாரைப் பிடித்தேன். சென்னைக்குப் போகும்போதெல்லாம் எழும்பூரில் பழைய ஆவணங்களைப் பார்ப்பாராம். உமாபதி சார் உடனே ஒப்புக்கொண்டார். உங்கள் விதியை உமாபதி சாரிடம் சொன்னேன். சிரித்தார்.

ஏரியைப் பார்க்க ஒரு நாள் போகிறோம். அப்பாவுக்கு ஐ.ஆர். எட்டு நெல் விதை கொடுத்து, எப்படி நடுவது என்று சொல்ல வருகிற பூவராகவன் ஜீப் தருகிறேன் என்றிருக்கிறார்.

பனி அதிகம் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

அன்பு மறவாத
ஜெயம்மாள்

*

பிலாய்
1-3-1970

ஜெயாவுக்கு,

நலம்.

உமாபதி யார்? என்ன வயது? எந்த ஊர்? வகுப்பு எடுக்காமல் எழும்பூருக்கும் தென்னேரிக்கும் சுற்ற எந்தக் கல்லூரியில் சம்பளம் கொடுக்கிறார்கள்? உன் கடிதத்தில் வரிக்கு வரி உமாபதி சார். என் பெயர் உறையின் மேல் மட்டும்தான்.

என் விதியைக் கேட்டுச் சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு பாலத்துக்கு டிராயிங் போடுகிறேன். அளவு இல்லாத தூணைப் "பரவாயில்லை, நின்றிருக்கும்" என்று போடமுடியுமா? சரித்திரக்காரர்களுக்கு எதுவும் இடிந்து விழாது. அந்தத் தைரியம்.

நீங்கள் இரண்டு பேரும் ஏரிக்குப் போகத்தான் வேண்டுமா? சர்வே வரைபடம் என்னிடம் இருக்கிறது. அங்கே போய் நின்றால் அதில் இல்லாதது ஏதாவது தெரியப்போகிறதா? போனால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போ.

தணிகாசலம்

*

செவிலிமேடு
5-4-1970

அன்புள்ள அத்தானுக்கு,

இவ்விடம் சுகம். அவ்விடம் வெயிலும் கோபமும் ஒரே அளவில் இருக்கிறதா?

பதில் எழுதத் தாமதம்தான். காரணம் பரீட்சைத் தாள் என்று எழுதிவிடுகிறேன்.

ஏரிக்குப் போய் வந்தோம். அப்பாவும் வந்தார், உங்கள் விருப்பப்படி. உமாபதி சாரும் நானும் கரையில் டேப் பிடித்தோம். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, குதிரை செத்து எலும்புகூட இல்ல, இப்ப வந்து அளந்துக்கினு கீறீங்க" என்றார். உமாபதி சாரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நல்ல வேளை, குடை கிடைத்தது.

ஏரியில் நடுவில் குட்டை மாதிரிதான் தண்ணீர். சுற்றிலும் வெடித்த மண். எதிர்க்கரைக்கு எப்படிப் போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது பூவராகவன், "மாடு போவுதே, ஜீப் போவாதா" என்று சொல்லி ஏரிக்குள்ளேயே இறக்கிவிட்டார். கரையைச் சுற்றி நாங்கள் நடந்துபோய்ச் சேர்வதற்குள் எதிர்க்கரையில் ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

இனி உங்களுக்கு வேண்டிய செய்தி. உமாபதி சாருக்கு எழும்பூரில் ஒரு மனு கிடைத்திருக்கிறது. பக்கத்துப் பாளையக்காரர் ஒருவர் சண்டை முடிந்த சில வருடத்தில் எழுதியது. தம் குதிரைகள் அன்று மைசூர்ப் பக்கம் ஏரி வழியாக வந்து தாக்கின, செத்த குதிரைக்கு மானியம் வேண்டும் என்று. அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, நிலத்துக்காக வந்தவர்கள். அதனால் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள் என்கிறார்.

இன்னொன்று. ஆடிக்கு முன் உங்களுக்கு லீவு கிடைக்குமா? அத்தை கேட்டார்கள். அப்பாவும் கேட்டார். அவர் சாதாரணமாக உங்கள் லீவைப் பற்றிக் கேட்பவர் இல்லை.

அன்பு மறவாத
ஜெயம்மாள்

*

பிலாய்
11-4-1970

ஜெயாவுக்கு,

நலம்.

மனு! மானியம் கேட்டு எவனும் எதையும் எழுதுவான். எங்கள் ஆலையில் வந்து பார், இல்லாத பாட்டிக்கு எத்தனை சாவு என்று. இதை ஆதாரம் என்று ஒரு லெக்சரர் தூக்கிக்கொண்டு வருகிறார், நீயும் அதை நாலு வரியில் மெச்சி எழுதுகிறாய். இந்தப் பாளையக் குதிரைகள் எத்தனை? தலைவன் பெயர்? ஒன்றும் இல்லை. உமாபதிக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

சர்வே படத்தில் ஏரி நீலம். நீலத்தில் குதிரை ஓடாது. ஜீப் டிரைவர் ஒருவன் வீரம் காட்டினால் அது ராணுவ ஆதாரம் ஆகிவிடுமா? இடது பக்கத்தில் யாரும் இல்லை. இடது அணியில் இருந்தவன் பயந்து ஓடியிருப்பான், அதனால் சரிந்திருக்கும். இதற்கு ஒரு மனு வேண்டியதில்லை.

குடை கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். குடை தானாகக் கிடைக்காது. யாருடையது?

லீவு கஷ்டம். உலை பழுது பார்க்கும் பருவம். பலகை வேலையும் இருக்கிறது. தீபாவளிக்குப் பார்க்கலாம்.

தணிகாசலம்

*

செவிலிமேடு
28-6-1970

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். பள்ளி திறந்துவிட்டது.

இடையில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. இரண்டிலும் குடை இருந்தது. அதற்குப் பதில் எழுதத் தோன்றவில்லை.

போன வாரம் நான் மட்டும் தென்னேரிக்குப் போனேன். இப்போது குட்டைகூட இல்லை. ஏரியின் நடுவில் நடந்தேன். செருப்பில் ஒட்டக்கூட ஈரம் இல்லை. அந்தச் சண்டை நடந்தது ஆடியில். மழை வந்து ஏரி நிரம்புவது ஐப்பசியில். சர்வே படத்தை எந்த மாதம் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. இதை உமாபதி சார் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அப்பாவுக்கு. ஒரே ஒரு வரி போதும். என்ன வரி என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது. அத்தையும் தம் வாயால் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். "பையன் எழுதட்டும், நான் போய் நின்னா தம்பி வூட்லே பொண்ணு பிச்சை கேக்கறா மாதிரி இருக்கும்" என்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயம்மாள்

*

பிலாய்
6-7-1970

ஜெயாவுக்கு,

நலம்.

வரைபடம் முடிந்தது. இத்துடன் அனுப்புகிறேன். மாமாவிடம் கொடுத்துக் குழுவுக்குச் சேர்க்கச் சொல். சாலைப் பக்கம் மைசூரின் இரண்டு ரிசாலா, எதிரே கம்பெனியின் இரண்டு பிரிவு, நடுவே பீரங்கி. அளவுகோல் போட்டிருக்கிறேன். உன் உமாபதி வந்து எங்கே வேண்டுமானாலும் அளந்து பார்க்கட்டும்.

அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒருவர் சொல்லாமலேயே அவர் நினைப்பது உனக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. நல்லது. ஏரிக்குத் தனியாகப் போனேன் என்பதையும் நம்புகிறேன்.

மாமாவுக்கு ஒரு வரி கேட்டாய். படத்தின் கீழே அவருக்காகவே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், குழுவில் யாரும் அப்புறம் குழப்பக்கூடாது என்று: "தென்னேரிப் பக்கம் யாரும் இல்லை."

தணிகாசலம்

*

செவிலிமேடு
24-8-1970

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் ஒரு வரியை அப்பா படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, ஆறாம் தேதி, எனக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை பூவராகவன். விவசாய அதிகாரி. நீங்கள் ஜீப் டிரைவர் என்று எழுதினீர்களே, அவர்தான். குடையும் அவருடையதுதான். இவ்வளவு நாள் நம் நிலத்துக்கு விதை கொண்டுவந்தார், இப்போது பெண் கேட்டு வந்தார். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு மிகவும்.

உமாபதி சாருக்குப் போன தையில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அவர் மனைவி என்னோடு ஆசிரியர் பயிற்சியில் படித்தவள். அவள் மூலம்தான் அவரைப் பிடித்தேன். வயது கேட்டீர்கள், ஊர் கேட்டீர்கள், இதைக் கேட்கவில்லை. கேட்காததை ஏன் சொல்லவேண்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு. அதுவும் உண்மை.

படை வரிசை ஆராய்கிறவருக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியவில்லை. ஆறு மாதமும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் விதியை நான் மறக்கவில்லை. பட்டியலில் இல்லாதவர் களத்தில் இல்லை. இரண்டு வீட்டுப் பேச்சிலும் உங்கள் பெயர் எங்கேயும் எழுத்தில் இல்லை.

முறைப்பையன் உயிரோடு இருக்கும்போது முதல் தாம்பூலத் தட்டு அவருக்குத்தான் நீட்டவேண்டும் என்பது நம் வழக்கம். அவர் எடுத்துக்கொண்டால் முறையை விட்டுக்கொடுத்தார் என்று அர்த்தம், அதன் பிறகுதான் மற்றவரோடு தட்டு மாற்றலாம். அதனால் அப்பா உங்களை வரச் சொல்கிறார். வந்து எடுத்துக் கொடுங்கள்.

ஜெயம்மாள்

*

தந்தி
பிலாய், 29-8-1970

வருகிறேன். தணிகாசலம்.

*

செவிலிமேடு
14-9-1970

அத்தானுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று அத்தை கேட்டு எழுதச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

அன்று கூடத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளறையில் கதவுக்குப் பின்னால் என்ன தெரிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தட்டு உங்கள் முன்னால் வந்தது. வெற்றிலை, மஞ்சள், வேட்டி, மேலே ரூபாய். நீங்கள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அப்பா, "எடுத்துக்கோபா, சாஸ்திரந்தானே" என்றார். "எடுக்கமாட்டேன் மாமா" என்றீர்கள். யாரோ சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து. அப்பா மறுபடி, "எதுனா காரணம் இருக்குதா?" என்று கேட்டார். நீங்கள் "முறை" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு கோடு போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

பூவராகவன் எழுந்தார். கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க, நெல்லு அறுவடைக்கு வர்றேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அவர் அம்மாவைக் கைபிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் காயவைத்திருந்த குடையை மறந்துவிட்டார். இன்னும் இங்கேயேதான் இருக்கிறது. அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, குடையைப் பார்த்து மட்டும் பேசுகிறாள்.

ஒன்று கேட்கிறேன். மழுப்பாமல் எழுதுங்கள், அது உங்களுக்கு வரும். முறை என்றால் என்ன? நான் உங்களுக்கு வேண்டுமா? இல்லை, வேறொருவருக்குப் போய்விடக்கூடாதா? இரண்டும் ஒன்று இல்லை. இரண்டாவதுதான் என்றால் சொல்லிவிடுங்கள், தட்டை நானே கொண்டுவந்து உங்கள் கையில் வைக்கிறேன்.

ஜெயம்மாள்

*

பிலாய்
28-9-1970

அன்புள்ள ஜெயாவுக்கு,

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? கதவுக்குப் பின்னால் அன்று நிழலாகத் தெரிந்தபோது மெலிந்திருந்தாய் என்று தோன்றியது. மாமாவின் இருமல் திரும்பிவிட்டதா? உன் அம்மா சாப்பிடுகிறார்களா? உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது. எழுது.

கேட்டதற்குப் பதில். தட்டு வந்த நேரத்தில், இரண்டாவதுதான். வேறொருவருக்குப் போகக்கூடாது. அந்த மனிதன் கால்மேல் கால் போடாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். அதுவே எனக்கு எரிந்தது. ஏதாவது தப்புச் செய்தால் சொல்லிக் காட்டலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அப்போது வாயில் வந்தது முறை. அளவு இல்லாத தூணைப் போட்டது நான்தான்.

ரயிலில் திரும்பும்போது வேறு மாதிரி வைத்துப் பார்த்தேன். உமாபதி இல்லை. பூவராகவன் இல்லை. எதிரே எவனும் இல்லை, வெறும் தரை. பொறாமைப்பட ஆள் இல்லாவிட்டால் நான் உனக்கு எழுதுவேனா? எழுதவேண்டும் போலத்தான் இருந்தது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாளும் குதிரையை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். குதிரை இல்லாமல் உன் வீட்டுக்கு எழுத எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, அதனால்தான் அந்தப் பலகை வேலையை ஒப்புக்கொண்டேன். இது எனக்கே சென்னை தாண்டித்தான் தெரிந்தது.

மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். முறையை விட்டுக்கொடுக்கிறேன் என்று, கையெழுத்துப் போட்டு. பூவராகவன் வீட்டார் மறுபடி வந்தால் என் பக்கம் தடை இல்லை. அவருக்கும் எழுதினேன். மன்னிப்பு என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். குடையைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது முறை இல்லாமல் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா?

புதுப் படம் இத்துடன் இருக்கிறது. ஏரியை நீலத்திலிருந்து மண் நிறத்துக்கு மாற்றிவிட்டேன். இடது பக்கத்தில் பாளையக் குதிரைகளைப் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறேன். எத்தனை என்று தெரியாது, ஆனால் இருந்தார்கள். கீழே இருந்த அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆதாரம் கண்டவர் உமாபதி, களம் நடந்து பார்த்தவர் ஜெயம்மாள் என்று போட்டிருக்கிறேன். உமாபதி பெயரை முதலில் பொடி எழுத்தில் போட்டேன், பிறகு அழித்துச் சரியான அளவில் போட்டேன். பழக்கம்.

பதில் வராவிட்டால் அதற்கு இதுதான் அர்த்தம் என்று நான் முடிவு கட்டமாட்டேன்.

அன்புடன்
தணிகாசலம்

*

செவிலிமேடு
22-10-1970

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். அம்மா இப்போது என்னோடும் பேசுகிறாள். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். இது தபால் அட்டை, வருகிற வழியெல்லாம் படிப்பார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பூவராகவன் அறுவடை பார்க்க வந்து குடையை வாங்கிக்கொண்டு போனார். உங்கள் கடிதம் கிடைத்ததாம். மற்றப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. உமாபதி சார் படத்தைப் பார்த்துவிட்டு, புள்ளிக்கோடுதான் சரி என்றார். கல்லைத் தையில் நடுகிறார்கள்.

தீபாவளிக்கு வரும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அப்பா சொல்லச் சொன்னார். நானும் சொல்கிறேன்.

இங்கே ஐந்து நாளாக மழை. தென்னேரியில் நாளுக்கு நாள் தண்ணீர் ஏறுகிறது, இனி அந்தப் பக்கம் யாருக்கும் வழி இல்லை. நீங்கள் சாலை வழியாகவே வாருங்கள்.

ஜெயா